முட்டை எத்தனை, டீச்சர்?

கடலூரில் ஒரு கல்யாணம். மறுநாள் பஸ் ஏறி, சிதம்பரத்தில் இருக்கும் என் சித்தி பெண்ணைப் பார்க்கப் போனேன். அவள் அங்கே ஓர் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். "வீட்டிலே தனியா உட்கார்ந்து என்ன பண்ணப் போறீங்க? என்னோடு வாங்கக்கா" என்று இழுத்துக்கொண்டு போனாள். தலைமை ஆசிரியையின் அனுமதியோடு கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்தேன்.

பெயர்களை வாசித்து முடித்ததும் ரிஜிஸ்தரை மூடினாள். "நம்ம வகுப்பிலே 28 பேர். இன்னிக்கு மூணு பேர் வரலே. சத்துணவுக்கு எத்தனை முட்டை சொல்லணும்? யாரும் கத்தக்கூடாது."

ஒரே நிசப்தம். சிலர் கூரையைப் பார்த்தார்கள். சிலர் விரலை மடக்கினார்கள். அவளும் அவசரப்படவில்லை.

"25" என்றான் ஒரு பையன். 28-லிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தானாம். இரட்டைச் சடைக்காரி ஒருத்தி, "நான் 30-லேருந்து அஞ்சை எடுத்தேன் டீச்சர்" என்றாள். இரண்டு எண்ணிலும் இரண்டிரண்டைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள், வாண்டு! பி.ஏ. படித்த எனக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. மூன்றாவதாக ஒருவன் எழுந்தான்: "24 போதும் டீச்சர். இவன் முட்டை சாப்பிட மாட்டான். வாழைப்பழந்தான்!"

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடம் எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கும் மனக்கணக்குத்தான் பிரதானம். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால் என்று எண்சுவடியை ராகம் போட்டுச் சொல்லியே மனத்தில் ஏற்றிக்கொண்டார்கள். நம் பாட்டிமார் சொல்லும் மாகாணி, ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தது. 16-ல் ஒரு பங்கு. நம்பாதவர்கள் காகிதமில்லாமல் கூட்டிப் பாருங்கள்!

ஆனால் அங்கே பிரம்பும் இருந்தது. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் ஜில்லாக் கலெக்டர்களிடம் பள்ளிகளைப் பற்றி விவரம் கேட்டார். கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடும் அதில் சேர்த்தி. ராஜதானி முழுவதும் 12,498 பள்ளிகள் என்று கணக்கு வந்தது. பல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் 1823-ல் எழுதிய பதிலில் ஒரு வழக்கத்தை விவரிக்கிறார். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர். இரண்டாமவனுக்கு வெறும் பூஜ்யம். மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நாலாமவனுக்கு இரண்டு. இப்படியே ஏறிக்கொண்டு போகும். 28-வது ஆளாக வந்தால் 26 அடி! வாசலிலேயே கழித்தல் கணக்கு வந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு வீட்டில் என்ன வேலை இருந்ததோ, யார் கேட்டார்கள்?

பயந்து சொல்லும் விடை வேகமாக வரலாம். எப்படி வந்தது என்று கேட்டால் வாய் திறக்காது. நானும் யோக்கியம் இல்லை. "ஏழெட்டு எவ்வளவு? சீக்கிரம் சொல்லு!" என்று வீட்டில் என் பையனை அதட்டுகிறவள்தான்.

இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதே வாசலில் ஒரு சிறுமி வந்து நின்றாள். கலைந்த தலை, மூச்சு வாங்குகிறது. தம்பியைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்தாளாம்.

"நீ வந்ததாலே எங்க கணக்கே மாறிப்போச்சே! இப்போ எத்தனை முட்டை?" என்றாள் என் தங்கை.

"முன்னே எத்தனை டீச்சர்?"

"24."

"நான் முட்டை சாப்பிடுவேன். அப்போ 25."

"சரி, நீயே போய்ச் சமையல் ஆயாகிட்டே சொல்லிட்டு வா."

பையைப் பாயில் போட்டுவிட்டு ஓடினாள்.