கடைசி வரிசை மாணவரும் பள்ளிக் கூட்டுறவுப் பண்டகசாலையும்

நெசவாளர் சங்கமாயினும் உழவர் கடன் சங்கமாயினும், பொதுக்குழுக் கூட்டங்களுக்குச் சென்று வருவோர் ஒன்றைக் கவனித்திருப்பர். வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடுவோரில் பெரும்பாலோர் நரைத்த தலையினர். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று அவர்களை வினவினால், "படிக்கிறான்" என்று சிலர் பெருமிதத்தோடு கூறுவர். "பேருக்குப் பள்ளிக்கூடம் போகிறான், படிப்பு ஏறவில்லை" என்று வேறு சிலர் குரலைத் தாழ்த்திச் சொல்லுவர். இந்த இரண்டாவது விடைக்குரிய பிள்ளைகளைப் பற்றியே ஈண்டு எழுத முற்படுகிறேன்.

பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகளுக்கு அரசாங்கத்திடம் கணக்குண்டு. பெயர் பதிவேட்டிலும் உடல் வகுப்பிலும் இருந்து, உள்ளம் மட்டும் வேறெங்கோ இருக்கும் பிள்ளைகளுக்கு எந்தப் பதிவேட்டிலும் கலம் இல்லை. 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையில் காப்பளிக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும் வரை நம் மாநிலத்தில் எவரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பில் இவ்விரண்டு காப்புகளும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் விலகுகின்றன. அதே வயதில்தான் மீசை அரும்புகிறது. வீட்டில் கடன் எவ்வளவு என்பது புரிகிறது. விசைத்தறிக் கூடத்திலோ மளிகைக் கடையிலோ நாட்கூலி கிடைக்கும் என்பதும் தெரிய வருகிறது. தார் சுற்றவும் பருத்தி எடுக்கவும் பெண் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் வழக்கமும் முற்றும் ஒழிந்துவிடவில்லை. பிள்ளை பள்ளியை வெறுக்கிறான் என்று சொல்கிறோம். பள்ளியில் தன்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்று அவன் முடிவு கட்டிவிட்டான் என்பதே பெரும்பாலும் உண்மை.

இத்தகையோருக்கென்று 'ஆளுமை வளர்ச்சி', 'தன்னம்பிக்கைப் பயிற்சி' என்னும் பெயர்களில் பள்ளிகளில் நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. நோக்கம் நன்று. ஆயின் நடைமுறை எவ்வாறு உள்ளது? நகரத்திலிருந்து ஒருவர் வருகிறார், இரண்டு மணி நேரம் உரையாற்றுகிறார், சாதனையாளர் கதைகள் கூறுகிறார், கைதட்டல் எழுகிறது, மறுநாள் யாவும் பழையபடியே. வீட்டிலும் வகுப்பிலும் அறிவுரையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பிள்ளைக்கு, மேலும் ஓர் அறிவுரையை மருந்தாகத் தருவதில் பொருளில்லை. 2022 மார்ச் முதல் நாளன்று தொடங்கப்பெற்ற 'நான் முதல்வன்' போன்ற அரசுத் திட்டங்கள், மேற்படிப்பையும் வேலையையும் நோக்கி நடக்க விரும்புவோருக்குப் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. நடக்கவே விரும்பாதவனை முதலில் எழுப்பி நிறுத்துவது எங்ஙனம் என்பதே நம் கேள்வி.

அவனிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தல் வேண்டும் என்பது என் துணிபு. அந்தப் பொறுப்பு மெய்யானதாக இருத்தல் வேண்டும். தவறினால் பிறருக்கு நட்டம் விளையக் கூடியதாக இருத்தல் வேண்டும். இதற்கு ஏற்ற கருவி நம் கையிலேயே உள்ளது. அதுவே மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை.

இஃது ஒன்றும் புதிய சரக்கன்று. முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சு நாட்டில் பார்த்தெலெமி புரொஃபி என்னும் தொடக்கப் பள்ளி ஆய்வாளர் ஒருவர், மாணவரே நிர்வகிக்கும் கூட்டுறவுகளை ஊர்ப் பள்ளிகளில் தோற்றுவித்தார். (ஆய்வாளர்கள் குறை காண்பதற்கென்றே பிறந்தவர்கள் என்று கருதும் அன்பர்கள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக!) 1928 இல் அவற்றுக்கென ஒரு மைய அமைப்பும் ஏற்பட்டு இன்றளவும் இயங்குகிறது. மலேசியாவிலும் 1968 முதல் பள்ளிக் கூட்டுறவுச் சங்கங்கள் நடந்து வருகின்றன.

நம் நாட்டிலும் மாணவர் பண்டகசாலைகள் இல்லாமலில்லை. அவற்றுள் சிலவற்றின் நிலையை நேரில் கண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியர் ஒருவர் சரக்கு வாங்குவார், அவரே விற்பார், அவரே கணக்கெழுதுவார். மாணவர் பெயர்கள் அங்கத்தினர் பதிவேட்டில் மட்டும் வரிசையாக இருக்கும். தணிக்கைக்கு அப்பண்டகசாலை பழுதற்றது. மாணவனுக்கோ அஃது இன்னொரு கடை, அவ்வளவே.

வேறொரு பள்ளியில் வேறொரு காட்சி கண்டேன். நெசவாளர் தெருவை அடுத்த உயர்நிலைப் பள்ளி அது. அங்கே இருப்புப் பதிவேட்டை எழுதியவன் கணக்கில் தேறாதவன் என்று ஆசிரியர்களால் கைவிடப்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவன். மாத இறுதியில் சரக்கைச் சரிபார்த்தபோது ஏட்டுக்கும் இருப்புக்கும் ஏழு குறிப்பேடுகள் வேறுபட்டன. ஆசிரியர் தம் பணத்தைப் போட்டு நேர் செய்துவிடலாம் என்றார். அம்மாணவன் இசையவில்லை. மூன்று நாள் மாலை வேளைகளில் அமர்ந்து, பற்றுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக ஏட்டோடு ஒப்பிட்டு, கடனாகக் கொடுத்துப் பதியாமல் விட்ட ஐந்தைக் கண்டுபிடித்தான். மீதி இரண்டைக் குறைவு என்று எழுதி, நிர்வாகக் குழுவின் முன் வைத்தான். அவன் கணக்குத் தேர்வில் பின்னர் எத்தனை மதிப்பெண் பெற்றான் என்று நான் விசாரிக்கவில்லை. அம்மூன்று நாளும் அவன் பள்ளிக்கு வராமல் இல்லை என்பதை மட்டும் அறிவேன்.

இவ்வகைப் பிள்ளைகளுக்கு அறிவு குறைவு என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. 40 ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு ராத்தலுக்கு 40 சிட்டம், சிட்டம் ஒன்றுக்கு 840 கெஜம் என்று தந்தை சொல்லக் கேட்டு, ஒரு பாவுக்கு எத்தனை நூல் வேண்டும் என்று மனக்கணக்காகச் சொல்லும் பையன், கரும்பலகையில் எழுதிய அதே பெருக்கலின் முன் ஊமையாகிறான்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. "அப்படியானால் பள்ளியிலேயே தறியைப் போட்டு நெசவைக் கற்பிக்கலாமே" என்று நம் சங்கத் தலைவர்கள் சிலர் நல்லெண்ணத்தோடு கூறுகின்றனர். 1953 ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பயில வேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டு வரப்பட்டது. குலக்கல்வி என்று பெயர் பெற்று, பெரும் எதிர்ப்புக்கு உள்ளாகி, 1954 இல் அது கைவிடப்பட்டது. எதிர்த்தோர் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து. நெசவாளியின் மகன் நெய்யலாம், நெய்யாமலும் இருக்கலாம். அதனைத் தீர்மானிக்கும் உரிமை அவனுடையது. சங்கத்துக்கு இளைஞர் இல்லையே என்ற நம் கவலையைத் தீர்க்கப் பள்ளியைக் கருவியாக்குதல் கூடாது. பண்டகசாலையில் அவன் பெறும் பயிற்சி, சரக்கு வாங்குதல், விலை ஒப்பிடுதல், கணக்கு வைத்தல், கூட்டத்தில் எழுந்து பேசுதல், பெரும்பான்மைக்கு இசைதல் ஆகியவை. எத்தொழிலுக்குச் சென்றாலும் அவை கூடவே வரும்.

மற்றொன்று. 'ஊக்கங்குன்றிய மாணவர்' என்று தனிப் பட்டியல் எழுதி, அவர்களை மட்டும் பண்டகசாலையில் சேர்க்கும் வேலை வேண்டா. அப்பட்டியலே அவர்களுக்குச் சூடாகிவிடும். எல்லா மாணவரும் சேரலாம் என்று வாயில் திறந்திருக்கட்டும். நிர்வாகக் குழுவில் பாதி இடங்கள் சீட்டுக் குலுக்கி நிரப்பப்படட்டும். இல்லையேல் வகுப்பில் முதல் மதிப்பெண் பெறுவோரே இங்கும் எல்லாப் பதவிகளையும் பெற்றுவிடுவர். பொருளாளர் பதவி ஆண்டுக்கொருமுறையேனும் மாணவியர் கைக்கு வருதல் வேண்டும்.

பணத்துக்கு என் செய்வது? சங்கங்களின் நிகர இலாபத்தில் ஒரு பகுதி கூட்டுறவுக் கல்வி நிதிக்கு ஆண்டுதோறும் செல்கிறது. 1844 இல் ராச்டேல் நகரில் கடை திறந்த 28 பேரில் நெசவாளர் பலர் இருந்தனர். அவர்களுடைய சங்கம் பின்னாளில் உபரியில் நூற்றுக்கு இரண்டரை விழுக்காட்டைக் கல்விக்கென்றே ஒதுக்கியது. வேறெதற்கும் அவர்களை மேற்கோள் காட்டும் நாம் இதனையும் நினைவிற்கொள்ளலாம். ஒரு பள்ளிப் பண்டகசாலைக்கு வேண்டியது ஒரு பூட்டுள்ள அலமாரி, நான்கைந்து பதிவேடுகள், முதற் சரக்குக்கு ஒரு சிறு தொகை. இதனை ஊரிலுள்ள ஒரு நெசவாளர் சங்கமும் ஒரு கடன் சங்கமும் கூடித் தாங்கவியலும். பணத்தினும் அரிது ஆளே: வாரத்துக்கு ஒரு மாலை பள்ளிக்குச் சென்று, ஏட்டைத் தான் எழுதாமல், எழுதுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கக்கூடிய பொறுமையுள்ள ஒரு சங்கச் செயலாளர்.

பள்ளிகள் சூன் மாதத்தில் திறக்கின்றன. பாடநூல் அரசால் இலவசமாகக் கிடைத்தாலும், குறிப்பேடும் எழுதுபொருளும் அதிகம் விற்பது அப்போதுதான். ஆகவே சங்கங்கள் மார்ச்சு மாதத்துக்குள் தீர்மானம் நிறைவேற்றிப் பள்ளி மேலாண்மைக் குழுவோடு பேசி முடித்தல் நலம். அலமாரியின் ஒரு சாவி தலைமை ஆசிரியரிடம் இருக்கட்டும். மற்றொன்று மாணவரிடம் இருத்தல் வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கலாகாது.