ரிப்பன் கிளையிலா, தலையிலா?

நத்தேனியல் ஹாதார்னின் ‘யங் குட்மேன் பிரவுன்’ (1835) கதைக்கு ஒரு நோட்ஸ் விளக்கம் உலவுகிறது: காடு பாவம், ஃபெய்த் என்ற மனைவி இறைநம்பிக்கை, அவளது இளஞ்சிவப்பு ரிப்பன் களங்கமின்மை, பாவத்தை நாடிப் போன பிரவுன் நம்பிக்கையைத் தொலைத்தான். இந்த விளக்கம் மூன்று இடங்களில் இடறுகிறது.

ஒன்று. இரவில் காட்டில் ரிப்பன் மேலிருந்து விழுந்து கிளையில் மாட்டுகிறது. பிரவுன் அதைக் கையில் எடுக்கிறான். காலையில் ரிப்பன்களோடுதான் ஃபெய்த் தெருவில் ஓடிவருகிறாள். களங்கமின்மை போனதா, இல்லையா?

இரண்டு. சாத்தானை எதிர்க்கும்படி மனைவியிடம் கத்துகிறவன் அவன். பிறகு எது பாவம்? விடிந்த பின் நடப்பதைப் பாருங்கள். மனைவியை ஒரு வார்த்தை பேசாமல் கடந்து போகிறான். பால் கொண்டுவந்த சிறுமிக்கு ஒரு கிழவி வேதபாடம் சொல்கிறாள்; குழந்தையை வெடுக்கென்று பிடுங்குகிறான். ஆதாரம்? கனவா நனவா என்று ஆசிரியரே சொல்லாத ஓர் இரவு.

மூன்று. நோட்ஸ்காரர்கள் தொடாத இடம் இது. அந்த இரவில் காட்டில் நடக்கும் சாத்தான் கூட்டத்தில் வரும் மார்த்தா கேரியர், 1692இல் சேலத்தில் சூனியக்காரி என்று நிஜமாகவே தூக்கிலிடப்பட்டவர். ஆவியுருவில் வந்து வதைத்தாள் என்ற சாட்சியத்தையும் ஏற்ற நீதிமன்றம் அது. விசாரித்தவர்களில் ஒருவரான ஜான் ஹாதார்ன், ஆசிரியரின் மூதாதை. கண்டதாக நினைத்ததை வைத்து ஊரையே தண்டிக்கும் பிரவுனைப் பாவி என்கிறீர்கள். நீதிபதி என்று ஏன் உங்களுக்குத் தோன்றவில்லை?