வேண்டுவது மின்சாரமா, வெளிச்சமா?

ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அது உபயோகிக்கும் மின்சாரத்தின் அளவைக் கொண்டே மதிப்பிடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பாடப் புத்தகங்களிலும் திட்ட அறிக்கைகளிலும் இன்றளவும் அதற்கு மதிப்புக் குறையவில்லை. இவ்வழக்கத்தை அடிப்படையிலேயே ஆட்சேபித்தவர் அமுல்யா ரெட்டி (1930–2006). பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்ரசாயனப் பேராசிரியராக விளங்கிய இவர், 1974-ல் கிராமங்களுக்கு ஏற்ற தொழில்நுட்பத்தை ஆராயும் ‘அஸ்த்ரா’ என்னும் பிரிவை அங்கே தோற்றுவித்தார்.

மக்களுக்கு வேண்டுவது யூனிட் அல்ல. வெளிச்சமும், வெந்த சோறும், வீட்டருகே நீரும், இறைப்பதற்குப் பம்பும் என்பது அவருடைய வாதம். சொல்லக் கேட்டால் மிக எளிதாகவே தோன்றும். ஆனால் இதை ஏற்றால் கணக்கு முழுவதையும் தலைகீழாகப் போட வேண்டியிருக்கும்.

தும்கூர் மாவட்டத்துப் புரா கிராமத்தில் இதற்கு நல்ல சான்று உண்டு. அங்கே சாண எரிவாயுவைச் சமையலுக்கு வழங்க முதலில் முயன்றனர். கிடைத்த சாணம் எல்லா அடுப்புகளுக்கும் போதவில்லை, முயற்சி நின்றது. கிராமத்தார் உண்மையில் விரும்பியது குடிநீர் என்று தெரிந்தபின், 1987-ல் அதே வாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டி, ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் வீட்டு விளக்குகளையும் அளித்தனர். சாணம் கொண்டுவந்தோர் எருவைத் திரும்பப் பெற்றனர், கூலியும் பெற்றனர். கருவி மாறவில்லை, கேள்விதான் மாறியது.

இதே முறையை அவர் ஒரு ராஜ்யம் முழுவதற்கும் பொருத்திப் பார்த்தார். 2000-ஆம் ஆண்டுக்குக் கர்நாடகத்துக்குச் சுமார் 9,400 மெகாவாட் மின்நிலையத் திறன் வேண்டும் என்று 1987-ல் அதிகாரபூர்வமான திட்டம் ஒன்று கணித்தது. ரெட்டியும் அவருடைய சகாக்களும் எல்லா வீடுகளுக்கும் விளக்கு உண்டு என்று வைத்துக்கொண்டே, திறன்மிக்க விளக்குகள், வெந்நீருக்குச் சூரிய வெப்பம், கரும்புச் சக்கையிலிருந்து மின்சாரம் முதலியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, அதில் பாதிக்கும் குறைவான திறனே போதும் என்ற முடிவு கிடைத்தது. செலவும் கரியமிலவாயுவும் அதற்கேற்பக் குறைந்தன. பருவநிலை மாற்றத்தைத் தடுப்பதும் ஏழைக்கு விளக்கு அளிப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்ற பேச்சுக்கு இதைவிடத் தக்க மறுப்பு அரிது.

சிறு கணக்கு ஒன்று. 60 வாட் இழை விளக்கு நாள்தோறும் 4 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்குச் சுமார் 88 யூனிட் செலவாகும். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு 13 யூனிட் போதும். நிலக்கரியைப் பெரிதும் நம்பியுள்ள நம் நாட்டில், யூனிட் ஒன்றுக்குக் கரியமிலவாயு ஏறக்குறைய 0.7 கிலோ எனக் கொண்டால், ஒரு விளக்கினால் மட்டும் ஐம்பது கிலோவுக்கு மேல் மிச்சம். 2015-ல் தொடங்கிய மத்திய சர்க்காரின் ‘உஜாலா’ திட்டத்தில் வழங்கப்பட்ட விளக்குகள் 36 கோடிக்கு மேல்.

ரெட்டியின் வாதத்துக்கு ஆட்சேபணையும் உண்டு. மின்செலவு குறைந்தால் மக்கள் இன்னும் அதிகமாக உபயோகிப்பர், மிச்சம் கரைந்துவிடும் என்பர் பொருளாதார நிபுணர். குளிர்சாதன அறைகள் பெருகிவரும் நகரங்களைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. அங்கே கட்டண விகிதமும் உடன் மாற வேண்டும். ஒற்றை விளக்கு வீட்டில் இரண்டாவது விளக்கு ஏற்றப்படுவதை நஷ்டக் கணக்கில் எழுதுவதோ நியாயமன்று. விளக்குத் திறனால் மட்டும் நிலக்கரி ஒழியாது என்பதும் மெய்யே. ஆயினும் தேவை குறைந்த அளவுக்குச் சூரிய சக்தியும் காற்றும் அவ்விடத்தை நிரப்புவது எளிதாகும்.

கிராமங்களில் கணக்கெடுக்கும் ஊழியர்கள் மின் இணைப்புகளை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றனர். இது போதாது. மாலையில் பிள்ளைகள் படிக்க எத்தனை மணி நேரம் வெளிச்சம் இருக்கிறது, தண்ணீருக்கும் விறகுக்கும் பெண்கள் எவ்வளவு தூரம் நடக்கின்றனர் என்ற இரு வினாக்களையேனும் படிவத்தில் சேர்க்கலாம். ஆசிரியர்களோ மேற்கண்ட விளக்குக் கணக்கை எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்து, அவரவர் வீட்டு விளக்குகளைக் கொண்டே போட்டுவரச் சொல்லலாம்.