விபத்தில் சிக்கும் உணவு விநியோக ஊழியர்கள்: இழப்பீடு யார் பொறுப்பு?

புனே: உணவு விநியோக ஊழியர் ஒருவர் மற்றொரு வாகனம் மோதி உயிரிழந்தால், அந்த வாகனத்தின் உரிமையாளரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் அவரது குடும்பம் இழப்பீடு கோரலாம். அதே ஊழியர் சாலைப் பள்ளத்தில் தடுமாறி விழுந்து இறந்தால், இழப்பீட்டுக்கு யாரை அணுகுவது என்பதே கேள்வியாகிவிடுகிறது. அவருக்கு வேலையளிப்பவர் யார் என்பதற்குச் சட்டம் இன்னும் தெளிவான பதிலைத் தராததே இதற்குக் காரணம்.

புனேயின் முண்ட்வா - கோரேகாவ் பார்க் பகுதியில் 2024 அக்டோபர் 11 அதிகாலையில் சொகுசு கார் மோதியதில் உணவு விநியோக ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். நிற்காமல் சென்ற காரைக் கண்காணிப்பு கேமரா பதிவுகள் மூலம் அடையாளம் கண்ட காவல் துறையினர், அதை ஓட்டியவரைக் கைது செய்தனர். கல்யாணி நகரில் போர்ஷே கார் மோதி மென்பொறியாளர்கள் இருவர் உயிரிழந்த சம்பவம் நடந்து ஐந்து மாதங்களுக்குள் நிகழ்ந்த விபத்து இது.

இத்தகைய விபத்துகளில் குற்ற வழக்கு தண்டனையை மட்டுமே தீர்மானிக்கும். வாழ்வாதார இழப்புக்கான தொகையை, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவின்கீழ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமே நிர்ணயிக்கிறது.

வருமானச் சான்றே அடிப்படை

இழப்பீட்டைக் கணக்கிடும் முறையை சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) வழக்குகளில் உச்சநீதிமன்றம் வகுத்துள்ளது. அதன்படி, 40 வயதுக்கு உள்பட்ட நிரந்தரப் பணியாளரின் வருமானத்துடன் எதிர்கால உயர்வாக 50 சதவீதமும், சுயதொழில் செய்பவருக்கு 40 சதவீதமும் சேர்க்கப்படும். திருமணமாகாதவர் எனில், பொதுவாகச் சொந்தச் செலவுக்காகப் பாதி கழிக்கப்படும். 21 முதல் 25 வயது வரையிலானோரின் ஆண்டு வருமானம் 18-ஆல் பெருக்கப்படும்.

உதாரணமாக, மாதம் ரூ.20,000 ஈட்டிய, திருமணமாகாத 22 வயது இளைஞர் சுயதொழில் செய்பவராகக் கருதப்பட்டால், வருமான இழப்புக்காக மட்டும் ரூ.30.24 லட்சம் கிடைக்கும். வருமானத்துக்குச் சான்று இல்லாமல், தீர்ப்பாயம் உத்தேசமாக ரூ.12,000 என எடுத்துக்கொண்டால், அது ரூ.18.14 லட்சமாகக் குறைந்துவிடும். சம்பளச் சீட்டு இல்லாத ஊழியருக்கு, செயலியில் பதிவாகும் வாராந்திர ஊதிய விவரமும் வங்கிக் கணக்கு அறிக்கையுமே ஆதாரம். எனவே, செயலிக் கணக்கு முடக்கப்படுவதற்கு முன்பாக அவற்றைக் குடும்பத்தினர் சேகரித்துக் கொள்வது அவசியம்.

விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதை எதிர்த்த வழக்கில், காலதாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களை நிராகரிக்கக் கூடாது என உச்சநீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. விபத்து நடந்த ஊரில்தான் வழக்குத் தொடர வேண்டும் என்பதில்லை. புனேயில் உயிரிழந்தவரின் குடும்பம் தமிழகத்தில் வசித்தால், அந்த மாவட்டத் தீர்ப்பாயத்திலேயே மனு அளிக்கலாம்.

ஊழியரே மோதினால்...

விநியோக ஊழியரின் வாகனம் பாதசாரி மீது மோதினால், சட்டப்படி முதலில் பொறுப்பேற்க வேண்டியவர் வாகனத்தின் பதிவு உரிமையாளர். தங்களை இடைத்தரகராக முன்னிறுத்தும் செயலி நிறுவனங்கள், ஊழியர்களைத் 'கூட்டாளிகள்' என்றே அழைக்கின்றன.

தனிநபர் பயன்பாட்டுக்கான காப்பீட்டுடன் ஓடும் வாகனம் வணிகப் பணிக்குப் பயன்படுத்தப்பட்டதாகக் கூறி, காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்க வாய்ப்பு உண்டு. ஸ்வரண் சிங் வழக்கில் (2004) உச்சநீதிமன்றம் ஏற்ற நெறிப்படி, காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணம் வழங்கிவிட்டு, உரிமையாளரிடமிருந்து அதை வசூலிக்குமாறு உத்தரவிட முடியும். அப்போது பாதசாரிக்கு இழப்பீடு கிடைத்தாலும், கடன்சுமை ஊழியரின் தலையில் விழும்.

மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கு மிகாத, குறைந்த திறன் கொண்ட மின்சார ஸ்கூட்டர்கள் மோட்டார் வாகனங்களாகக் கருதப்படுவதில்லை. அவற்றுக்குப் பதிவும் கட்டாயக் காப்பீடும் தேவையில்லை என்பதால், அவை மோதிக் காயமடைபவரின் நிலை மேலும் சிக்கலானது.

தானாக விழுந்தால்...

வேறு வாகனம் எதுவும் மோதாத விபத்தில், சொந்த வாகனத்தின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து உரிமையாளர் இழப்பீடு பெற முடியாது. உரிமையாளரே ஓட்டியிருந்தால், ரூ.15 லட்சம் வரையிலான தனிநபர் விபத்துக் காப்பீடு உதவும். இரவல் அல்லது வாடகை வாகனத்தை ஓட்டியவருக்கு அது பொருந்தாது. செயலி நிறுவனங்கள் வழங்கும் காப்பீடு அந்தந்த நிறுவனத்தின் நிபந்தனைகளுக்கு உள்பட்டது.

மகாராஷ்டிரத்தில் சாலைப் பள்ளங்களாலும் திறந்த சாக்கடைக் குழிகளாலும் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு ரூ.6 லட்சமும், காயமடைவோருக்கு ரூ.50,000 முதல் ரூ.2.5 லட்சம் வரையும் வழங்க வேண்டும் என 2025 அக்டோபரில் மும்பை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. புனே ஊழியர்களுக்கு இது முக்கிய ஆறுதல் என்றாலும், பள்ளமே விபத்துக்குக் காரணம் என்பது உறுதியாக வேண்டும்.

புதிய சட்டம் தருவது என்ன?

2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்தது. 'கிக்' தொழிலாளர்களையும் செயலிவழித் தொழிலாளர்களையும் முதன்முறையாக வரையறுத்த மத்திய சட்டம் இது. செயலி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைச் சமூகப் பாதுகாப்பு நிதிக்கு அளிக்க வேண்டும். தொழிலாளர்களுக்கு வழங்கும் தொகையில் 5 சதவீதம் அதற்கு உச்சவரம்பு.

எனினும், பணியின்போது காயமடையும் ஊழியருக்கு முதலாளி நேரடியாக இழப்பீடு வழங்க வேண்டும் என்ற விதி, வேலையளிப்பவர் - ஊழியர் உறவு உள்ளவர்களுக்கே பொருந்துகிறது. செயலிவழித் தொழிலாளர்களுக்கு விபத்துக் காப்பீடு என்பது அரசு வகுக்கும் திட்டத்தின் வழியாக மட்டுமே கிடைக்கும். அதாவது, அவர்களுக்குக் கிடைப்பது நலத்திட்டம். முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமை அல்ல.

சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள செயலிவழித் தொழிலாளர் சட்டம் வேறு பாதையைத் தேர்ந்துள்ளது. விநியோக ஊழியர்களை வழக்கமான பணியாளர்கள் என அது அறிவிக்கவில்லை. ஆனால், பணிக்காயத்துக்கு மற்ற பணியாளர்களுக்கு இணையான இழப்பீடு வழங்கவும், அதற்கான காப்பீட்டை எடுக்கவும் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது.

நாட்டில் 2020-21-இல் 77 லட்சமாக இருந்த கிக் தொழிலாளர்களின் எண்ணிக்கை, 2029-30-இல் 2.35 கோடியாக உயரும் என்பது நீதி ஆயோக்கின் மதிப்பீடு. இவர்கள் முழுநேர ஊழியர்களா, சுயதொழில் செய்பவர்களா என்ற விவாதம் முடியும்வரை விபத்துகள் காத்திருக்கப் போவதில்லை. அந்த விவாதத்துக்கு முடிவு காணாமலேயே பணிக்கால விபத்துக்கான பொறுப்பை நிறுவனங்களிடம் ஒப்படைக்க முடியும் என்பதையே சிங்கப்பூரின் அனுபவம் காட்டுகிறது.