தொப்பையின் பாலன்ஸ் ஷீட்

ரிட்டயர் ஆனவர்களிடம் ஒரு பெருமை உண்டு. "முப்பது வருஷமா அதே அறுபத்திரண்டு கிலோ சார்! ஒரு கிலோ ஏறலை, இறங்கலை" என்பார்கள். கேட்கிற நமக்கும், 'அட, இரும்பு உடம்பு!' என்று தோன்றும்.

பி.காம். படித்தவன் என்கிற முறையில் எனக்கு இதில் ஒரு சந்தேகம். மொத்தத் தொகை மாறவில்லை என்பதற்காக எந்த ஆடிட்டராவது கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவாரா? எந்தத் தலைப்பிலிருந்து எந்தத் தலைப்புக்குப் பணம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

வயசான உடம்பில் நடப்பது இதுதான். கை, கால் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அந்தக் கிலோவை வயிற்றுக் கொழுப்பு ஈடுகட்டிவிடுகிறது. எடை மெஷினுக்குத் தசையும் ஒன்றுதான், கொழுப்பும் ஒன்றுதான். முள் அசையாது!

எடையை உயரத்தால் (மீட்டரில்) இரண்டு தடவை வகுக்கும் பி.எம்.ஐ. கணக்கும் இப்படித்தான். 1830-களில் பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் கெட்லே போட்ட சூத்திரம். அவர் டாக்டர் இல்லை, புள்ளிவிவரக்காரர். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று பார்த்தாரே தவிர, நம்ம மாமாக்களின் தொப்பையை அவர் நினைத்தே பார்க்கவில்லை.

2004-ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் ஒரு போட்டோ. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால், உடம்பில் கொழுப்பு? லண்டன்காரருக்கு 9.1 சதவிகிதம். நம்மவருக்கு 21.2! ஒல்லியாகத் தெரிவதில் நாம் கில்லாடிகள். அதனால்தான் இடுப்புச் சுற்றளவுக்கு நமக்கென்று தனி எல்லை: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80.

எங்கப்பாவுக்கு வயசு 68. உயரம் 165 செ.மீ., எடை 62 கிலோ. பி.எம்.ஐ. 22.8. டிஸ்டிங்ஷன்! அம்மாவின் தையல் மெஷின் டிராயரிலிருந்து இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

"எதுக்குடா? என் பேண்ட் சைஸ் முப்பத்தி நாலு. கல்யாணத்திலேர்ந்து அதான்."

வாஸ்தவம். சைஸ் மாறவில்லை. பேண்ட்தான் வருஷா வருஷம் தொப்பைக்குக் கீழே இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது! அளக்க வேண்டிய இடம் அதுவல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேட்டுக்கும் நடுவில். நின்றுகொண்டு, மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு. அப்பா வயிற்றை எக்கினார். ஆடிட்டுக்கு முன்னால் கணக்குக்குப் பவுடர் பூசுவதை எங்கள் படிப்பில் 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்பார்கள்.

"விடுங்கப்பா" என்றேன். விட்டார். 94!

இன்னொரு சுலபக் கணக்கு. இடுப்பு, உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 165-ல் பாதி 82.5. அப்பா பதினொன்றரை செ.மீ. ஓவர்டிராஃப்ட்.

இதற்கும் கொலஸ்ட்ராலுக்கும் என்ன சம்பந்தம்? குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா இருக்காது. கல்லீரலுக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கல்லீரல் அதை டிரைகிளிசரைடாக்கி ரத்தத்தில் தள்ளும். அது ஏற ஏற ஹெச்.டி.எல். இறங்கும். ஹெச்.டி.எல். யார்? ரத்தக் குழாயில் தேங்கிய கொலஸ்ட்ராலை வசூல் பண்ணிக் கல்லீரலில் கொண்டுபோய்க் கட்டும் நல்ல பில் கலெக்டர்.

டேப் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. எல்.டி.எல். என்கிற கெட்ட பார்ட்டி, வயிறு ஒட்டியவர்களிடமும் எகிறியிருக்கலாம். டேப் நோட்டீஸ்தான் கொடுக்கும். தீர்ப்பு ரத்தப் பரிசோதனையில்.

அப்பாவின் தீர்ப்பு: டிரைகிளிசரைடு 212 (150-க்குள் இருக்கணும்). ஹெச்.டி.எல். 34 (ஆண்களுக்கு 40-க்குக் குறையக் கூடாது). மொத்தக் கொலஸ்ட்ரால் மட்டும் 178.

"மொத்தம் சரியாத்தானேடா இருக்கு?" என்றார் அப்பா. பாருங்கள், மறுபடியும் மொத்தம்!

இப்போது சாதத்தில் ஒரு கரண்டி கட். சாயங்காலம் அரை மணி நடை, பார்க் பெஞ்ச் அரட்டை நீங்கலாக. "பட்டினி மட்டும் கிடக்காதீங்க, மிச்சமிருக்கிற தசையும் போயிடும்" என்று டாக்டர் சொன்னதால் பருப்பும் சுண்டலும் கூடியிருக்கின்றன.

ஊரில் அப்பா, அம்மாவை விட்டுவிட்டு வந்திருக்கும் ஆபீஸ் நண்பர்களே! போனில் "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்றுதான் பதில் வரும். "இடுப்பு எத்தனை?" என்று கேளுங்கள்.

"உன்னோடது எத்தனைடா?" என்று பதில் கேள்வி வரும். வயிற்றை எக்காமல் சொல்லுங்கள்!