நீர்ப்பனி விழுந்த வாரம்

திங்கட்கிழமை விடியற்காலையில், வாசல் கம்பியில் காயப்போட்டிருந்த துண்டை எடுத்தேன். இரவு ஒரு சொட்டு மழை இல்லை. ஆனாலும் பிழிந்தால் சொட்டும் அளவுக்குத் துண்டு நனைந்திருந்தது. நீர்ப்பனி இறங்கிவிட்டது. எங்கள் கேத்தி பள்ளத்தாக்கில் குளிர்காலம் இப்படித்தான் வாசலுக்கு வரும். இதற்கு அடுத்தது உறைபனி. இரண்டுக்கும் நடுவே கிடைப்பது சில வாரங்கள். அதே வாரங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் எங்கள் பக்கம் திரும்புகிறது.

கீழே இருப்பவர்களுக்கு நீலகிரி ஒரே மலை. எங்களுக்கு அது இரண்டு. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி எல்லாம் ஆனி ஆடி மழைக்கு மார்பைக் காட்டி நிற்பவை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. குன்னூர், கோத்தகிரி, கேத்தி ஆகிய கிழக்குப் பக்கத்து ஊர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் பயம். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை சரிந்து மேட்டுப்பாளையம் சாலையையே அறுத்துக்கொண்டு போனது. 2009 நவம்பர் 10-ஆம் தேதி காலையில் கேத்தியில் அளந்த மழை 82 செ.மீ. அந்த மழையில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். அந்த இரவில் கேட்ட சத்தம் இடி இல்லை என்பது எனக்கு விடிந்த பிறகுதான் புரிந்தது. இன்றைக்கும் ஐப்பசியில் ராத்திரி மழை விடாமல் பெய்தால் நான் படுப்பதில்லை. ஹாலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்தக் குளிர்காலம் எப்படியிருக்கும் என்று கேட்பவர்களுக்கு லா நினா, எல் நினோ என்று பதில் வருகிறது. எல் நினோவில் பசிபிக் கடல் சூடானால் நமக்கு வடகிழக்கு மழை கூடும், லா நினாவில் குளிர்ந்தால் குறையும் என்பது பொதுக்கணக்கு. 2015-இல் கடல் சூடாக இருந்தது, சென்னை மூழ்கியது. 2016-இல் குளிர்ந்தது, பருவமழை பொய்த்தது. ஆனால் 2021-இலும் கடல் குளிர்ந்துதான் இருந்தது. மழையோ வழக்கத்தைவிட அதிகம். கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை என்று பழமொழி சொன்னவர்கள் 2023-ஐப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு மார்கழி முதல் தேதியில்தான் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது. ஆகவே பருவம் முழுவதற்குமான கணிப்பைக் காதில் போட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான். நான் நம்புவது வங்கக் கடலையும் அன்றன்றைய வானத்தையும்.

பக்கத்துத் தோட்டத்து அக்காவும் வானத்தைத்தான் நம்புகிறார். அரை ஏக்கர் தேயிலையும் கீழே ஓடையோரம் கொஞ்சம் உருளைக்கிழங்கும் வைத்திருக்கிறார். நனைந்த துண்டோடு நான் நின்றதைப் பார்த்து, "தம்பி, மேகம் இருக்கிற வரைக்கும் மண்ணு பயம். மேகம் போச்சுன்னா பனி பயம்" என்றார்.

"எது பரவாயில்லைக்கா?"

"பனி செடியத்தான் தின்னும். மனுசங்கள விட்டுடும்."

மேகம்தான் இந்த மலையின் கம்பளி. பகலில் வாங்கிவைத்த சூட்டை மண் இரவில் வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மேகம் மூடியிருந்தால் அந்தச் சூட்டில் ஒரு பங்கு திரும்பக் கீழே வரும். வானம் வெறிச்சோடி, காற்றும் அசையாமல் நின்றால் சூடு அத்தனையும் போய்விடும். தாழ்வு மண்டலம் ஒன்று கரையைக் கடந்து மேற்கே அரபிக்கடல் பக்கம் போன பிறகு, வறண்ட வடகாற்று வீசி வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் இரண்டு மூன்று இரவுகளைத்தான் கவனிக்க வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஊட்டியில் காந்தல், தலைக்குந்தா, குதிரைப்பந்தய மைதானம் போன்ற தாழ்ந்த இடங்களில் புல் வெளுத்துக் கிடக்கும்போது, சற்று மேலே சரிவில் இருக்கும் வீட்டுக்காரர் ஒன்றும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருப்பார். படகர் ஊர்களான ஹட்டிகள் பலவும் பள்ளத்தை விட்டுச் சரிவில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காற்றின் நினைவு வரும்.

செய்தியில் 'ஊட்டியில் 4 டிகிரி' என்று வந்தால், உறைய இன்னும் நான்கு டிகிரி இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது. அந்த வெப்பமானி தரையிலிருந்து நாலடி உயரத்தில் ஒரு மரக்கூண்டுக்குள் இருக்கிறது. அதே நேரத்தில் தரையோரப் புல்லில் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கலாம். உருளைக்கிழங்குச் செடி நாலடி உயரத்தில் வளர்வதில்லை. மழைச் செய்திக்கும் இதே குறைதான். 'நீலகிரிக்குக் கனமழை' என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்த ஹட்டிக்காரர் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறுவார்? மாவட்டத்தில் 283 இடங்களை அபாயமானவை என்று அடையாளம் கண்டு வைத்திருக்கிறார்கள். அந்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மழைமானி வேண்டும், அதைப் பார்த்து ராத்திரியில் கதவைத் தட்டிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். காய்கறி விளையும் பள்ளங்களில் புல்மட்டத்தில் ஒரு வெப்பமானி வேண்டும். எத்தனை முறை எழுதினாலும் இதை மறுபடி எழுதுவேன்.

பனி விழுந்த காலையில் முக்கியமான நேரம் சூரியன் வருவதற்கு முந்தைய அரை மணிதான். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மாலையிலேயே பூச்செடிகளை மிலார் என்ற செடியின் கிளைகளைப் போட்டு மூடிவிடுவார்கள், விடிந்ததும் புல்தரையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். உறைந்த இலையில் வெயில் பட்டால் அது வெந்ததைப் போலக் கருகிவிடும். தேயிலை அப்படிக் கருகினால் மறுபடி துளிர்க்கும்வரை கொழுந்து கிடையாது. சிறு விவசாயிக்கு அந்த வாரங்களில் கையில் காசு புரளாது. குளிர்ந்த மாதங்களின் கொழுந்துக்குத் தனி மணம் உண்டு, அதிலிருந்து செய்யும் தேயிலை நல்ல விலைக்குப் போகிறது என்பதும் உண்மை. ஆனால் பச்சைத் தேயிலையைக் கிலோ கணக்கில் போடும் எங்கள் அக்காவுக்கு அந்த விலை வந்து சேர்வதில்லை. பனியில் காய்ந்த புல் தை, மாசியில் காட்டுத்தீக்கு விறகாகும் என்பது இன்னொரு கவலை.

எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழிப்பது இரும்புச்சட்டிக் கரிதான். ஏறக்குறைய எல்லாக் குளிர்காலத்திலும் ஒரு செய்தி வருகிறது. குளிர் தாங்காமல் அறைக்குள் கரி மூட்டி, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை என்று. புகை அடங்கிய கரி கனன்றுகொண்டிருக்கும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். சமவெளியிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் எஸ்டேட் வேலைக்கு வந்தவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை. வேலைக்கு வைத்தவர்கள்தான் சொல்ல வேண்டும், சொல்வதோடு இரண்டு கம்பளியும் கொடுக்க வேண்டும். கரியை வெளியே வைத்துக் கைகாயலாம். படுக்கும் அறைக்குள் வேண்டவே வேண்டாம்.

நேற்று மாலை அக்கா ஒரு கட்டு மிலாரைத் தலையில் சுமந்துகொண்டு ஓடைப்பக்கம் இறங்கினார். தொட்டபெட்டா பக்கம் மேகம் கலைந்துகொண்டிருந்தது. இன்னொரு கட்டை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். கிழங்குப் பாத்தி மூன்றை மூடுவதற்குள் இருட்டிவிட்டது, நட்சத்திரங்களும் வந்துவிட்டன.