102 கிலோ ஆகும்வரை காத்திருப்பதா?

தொந்தி என்றால் முதலாளி, ஒட்டிய வயிறு என்றால் தொழிலாளி. கேலிச் சித்திரக்காரர்கள் வெகுகாலம் இப்படித்தான் வரைந்து வந்தார்கள். இன்று ஆலை வாசலில் நின்று பாருங்கள்! ராத்திரி ஷிப்டில் டீயையும் போண்டாவையும் கொண்டு பசியாற்றிவிட்டு வெளியே வரும் நம் தோழர்களில் எத்தனை பேருக்குத் தொந்தி! இது செழிப்பின் அடையாளமல்ல. சர்க்கரை வியாதிக்கும் மாரடைப்புக்கும் முன்னறிவிப்பு.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இதற்கு என்ன செய்கின்றன? கிலோ எடையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். அது 40 ஆனால், அல்லது 35 ஆகி இருதய நோய், அடங்காத சர்க்கரை போன்ற கடும் வியாதியும் சேர்ந்தால்தான், பருமனுக்கான ரண சிகிச்சைக்குக் கம்பெனி பணம் தரவேண்டும். அதற்குக் கீழே கைவிரிக்கலாம். ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதி இது.

கணக்குப் போடுவோம். அந்த எண் 25 ஆனாலே பருமன் என்று 2009-இல் நம் நாட்டு மருத்துவர்கள் வரையறுத்தார்கள். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள தொழிலாளிக்கு அது 64 கிலோ. கம்பெனியின் கதவு திறப்பதோ 102 கிலோவில். வியாதியும் சேர்ந்தால் 90 கிலோவில்!

எல்லோருக்கும் கத்தி வையுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அந்த நிலை வராமல் தடுப்பது யார் பொறுப்பு என்றே கேட்கிறோம். பாலிசியோ வருஷா வருஷம் புதுப்பிப்பது. இன்று செலவழித்து ஒருவரின் எடையைக் குறைத்தால், பத்து வருஷம் கழித்து மிஞ்சும் பணம் வேறு கம்பெனிக்குப் போகலாம். லாபக் கணக்கில் தடுப்பு வைத்தியம் நஷ்டக் கணக்கே.

ஈ.எஸ்.ஐ. அப்படிப்பட்டதல்ல. நம் கூலியில் பிடிக்கும் பணமும் முதலாளி கட்டும் பங்கும் சேர்ந்து நடப்பது. லாபம் காட்ட வேண்டிய அவசியம் அதற்கில்லை. இடுப்பை அளக்க ஒரு டேப் போதும். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் எச்சரிக்கை. ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் வருஷம் ஒருமுறை அளக்கட்டும். உணவு யோசனை சொல்ல ஆள் போடட்டும். ஓயாத ராத்திரி ஷிப்டு ஆகாதென்று டாக்டர் எழுதினால் நிர்வாகம் கட்டுப்படட்டும்.

விவசாயத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறது. வருகிறவர்கள் கையில் அந்த டேப்பையும் கொடுங்கள்!

தோழர்களே, அடுத்த சங்கக் கூட்டத்தில் கூலிக் கோரிக்கையோடு இதையும் வையுங்கள். உழைக்கிற உடம்பைக் காப்பதும் உரிமைப் போராட்டமே.